மின்சாரம் திரும்பியும் இயங்காத கணினி: பழுதென முடிவு செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

திருவனந்தபுரம்: கேரள–தமிழக எல்லையில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரக் கிராமங்களில் ஐப்பசி மாதத்து மாலைகள் பெரும்பாலும் இடியுடனேயே வருகின்றன. மலையாளிகள் துலாவர்ஷம் என்றழைக்கும் இம்மழையில் தென்னை மட்டையோ ரப்பர் மரக்கிளையோ மின்கம்பியில் விழுந்து மின்சாரம் தடைபடுவது வழக்கம். மின்சாரம் திரும்பியதும் விளக்கு எரியும், மின்விசிறி சுழலும். கணினி மட்டும் சில வேளைகளில் அசைவதில்லை.

இத்தகைய தருணங்களில் இழப்பு பெரும்பாலும் கருவியால் அல்ல, அவசரத்தால் நேர்கிறது. கடையின் வரவு செலவுக் கணக்கும் மாணவரின் சான்றிதழ் நகல்களும் உள்ளே பத்திரமாக இருக்கும்போதே, 'விண்டோஸ் போய்விட்டது' என்று கருதி வன்தட்டை ஃபார்மட் செய்துவிடுவோர் உண்டு.

மின்சாரம் நின்றதால் கணினி கெட்டது என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், தீங்கு பல நேரங்களில் அது திரும்பி வரும் கணத்தில்தான் நிகழ்கிறது. ஒரே மின்மாற்றியைச் சார்ந்த வீடுகளின் குளிர்பதனப் பெட்டிகளும் மோட்டார்களும் ஒருசேர இயங்கத் தொடங்கும்போது மின்னழுத்தம் தாழ்ந்து எழுகிறது. நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். 230 வோல்ட் பெற வேண்டிய கருவிக்கு 400 வோல்ட் வரை சென்றுவிடக்கூடும். வீட்டில் சில விளக்குகள் கண்கூச எரிந்து, வேறு சில மங்கினால் அது நியூட்ரல் கோளாறின் அறிகுறி. உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

கணினியை முறைப்படி அணைத்திருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. பிளக் செருகப்பட்டு சுவிட்ச் போடப்பட்டிருக்கும் வரை, எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கிப் பெட்டி 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

முதல் அரைமணி நேரம்

மின்னழுத்தம் எல்லை மீறும்போது தரமான எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பார்ப்பவருக்கு அது எரிந்துபோனதாகவே தோன்றும். மின்கம்பியைச் சுவரிலிருந்தே கழற்றி, கணினியின் பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்து, சில நிமிடங்கள் காத்திருந்து மீண்டும் இணைத்தால் அந்தப் பூட்டு விடுபடும். மடிக்கணினிக்கும், அடாப்டரைக் கழற்றிவிட்டு, இதே முறை பொருந்தும். செலவில்லாத இந்த ஒரு செயலில் உயிர்பெறும் கணினிகள் பல.

அதற்குப் பிறகும் அசைவில்லை என்றால், கணினிக்கு மின்சாரம் வந்து சேர்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். ஸ்பைக் பஸ்டர் அல்லது யுபிஎஸ் வழியாக இணைத்திருந்தால் அதை விலக்கி, வேறு கருவி இயங்கும் ஒரு பிளக்கில் நேரடியாகச் செருகிப் பார்க்கலாம். பழுதானது பல முறை ஸ்பைக் பஸ்டரின் ஃபியூஸாகவே இருக்கும். பிரிண்டர், பென் டிரைவ், இணையக் கம்பி ஆகிய அனைத்தையும் கழற்றிவிடுவதும் அவசியம். மின்னல் இணையக் கம்பி வழியாகவும் நுழையும். குறுக்குச்சுற்று ஏற்பட்ட ஒரு யுஎஸ்பி கருவியே கணினியைத் தொடங்கவிடாமல் தடுக்கலாம்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். கருகிய வாசனை வந்தால் சோதனையை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

விசிறி சுழன்று திரை மட்டும் இருண்டிருந்தால் எஸ்எம்பிஎஸ் ஓரளவு இயங்குகிறது என்று பொருள். மானிட்டரின் மின்கம்பியையும் படக்கம்பியையும் சரிபார்த்த பின், நினைவகப் பலகையைக் கழற்றித் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்துவது பலன் தரலாம். அப்போது பிளக் கட்டாயம் கழற்றப்பட்டிருக்க வேண்டும்.

தேதி மாறினால் தளம் திறக்காது

திரை ஒளிர்ந்து, எஃப் 1 விசையை அழுத்துமாறு கேட்டு நின்றால் அச்சப்படத் தேவையில்லை. மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் பொருள் அது. அது தீர்ந்த கணினியில் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடுவதால், அரசு சேவைத் தளங்களும் வங்கித் தளங்களும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று கூறித் திறக்க மறுக்கும். இணையம் பழுது என்று எண்ணி ஒரு நாளை வீணாக்கும் முன் கணினியின் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது.

பயாஸ் அமைப்புகள் மாறிவிட்டால் விண்டோஸ் 11 சில கணினிகளில் 48 இலக்க பிட்லாக்கர் மீட்புக் குறியீட்டைக் கேட்கும். அது பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசி வழியாகவே பார்த்துக்கொள்ளலாம். வட்டுச் சோதனை தானாக ஓடத் தொடங்கினால், எவ்வளவு நேரமானாலும் இடையில் அணைக்கக் கூடாது. ஆனால் வன்தட்டிலிருந்து 'டக் டக்' என்ற ஒலி எழுந்தால் அதற்கு நேர்மாறாக, உடனே அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மீட்கக்கூடிய கோப்புகள் குறையும். பழுது நீக்குபவரிடம் தரும்போது, கோப்புகளைப் படியெடுத்த பிறகே வேறு எதையும் செய்ய வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தையும் திருவனந்தபுரம் கடற்கரையையும் தாக்கியபோது, குமரியின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் இருந்தன. அத்தகைய தடையை எந்த வீட்டு யுபிஎஸ்ஸும் தாங்காது. சாதாரண 600 விஏ யுபிஎஸ் தருவது சுமார் 10 நிமிடம் மட்டுமே. கோப்புகளைச் சேமித்துவிட்டுக் கணினியை முறையாக அணைக்க அது போதும். இடி கேட்டால் யுபிஎஸ் இருந்தாலும் பிளக்கைக் கழற்றுவதே சிறந்தது. கழற்றும் வேலையை மின்னல் தலைக்குமேல் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

மின்னழுத்தக் கோளாறு வீட்டுக்கு வெளியே இருப்பதாகத் தெரிந்தால் மின்வாரியத்திடம் தெரிவிக்க வேண்டும். எல்லையில் யாரை அழைப்பது என்பதை மின்கட்டண ரசீதே தீர்மானிக்கிறது. பாறசாலைப் பக்கத்தவருக்குக் கேரள மின்வாரியத்தின் 1912. சாலையில் சற்றுத் தள்ளியிருக்கும் களியக்காவிளையினருக்குத் தமிழக மின்னகத்தின் 94987 94987.