மரமும் மனையும்

மன்னார்த் தீவிலே பள்ளிமுனைக்குச் செல்வோர் காணாது திரும்ப முடியாத மரம் ஒன்று உண்டு. பெருக்குமரம் என்று ஊரார் வழங்கும் அம்மரத்தின் அடி ஏறக்குறைய 19 மீற்றர் சுற்றளவுடையது. முன்னாளிலே கடல்வழி வந்த அராபிய வணிகர் கொணர்ந்து நட்ட இனம் அது என்பர். பலர் கைகோத்து நின்றாலன்றி அதனைச் சுற்றி வளைத்தல் இயலாது. ஆயினும், ஒரு சிறு வீட்டுக்கு வேண்டிய வளை ஒன்றைத்தானும் அம்மரத்திலிருந்து எடுத்துவிட முடியாது. நீரைத் தேக்கி வைக்கும் மென்மையான நார்த்திரளே அதன் உடம்பு. அதற்குச் சிறிது தொலைவிலே கடற்காற்றில் ஆடி நிற்கும் பனையோ, ஓர் ஆள் கட்டித் தழுவும் பருமனே உடையது. அந்தப் பனைதான் தலைமுறை தலைமுறையாக மன்னார்க் கரையின் வீடுகளுக்குக் கூரை தாங்கி வந்தது. பருமன் வேறு, வலிமை வேறு என்பதற்கு இவற்றினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின், மரத்தின் வலிமை எங்கே இருக்கின்றது? பழைய தச்சர் தம் கையனுபவத்தால் விடை கண்ட இக்கேள்வியை, கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொறியியலாளர் மீண்டும் எழுப்பி ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சியின் பயனாக, 2022ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 25 மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. அதன் கீழ்மாடிகளும் படிக்கட்டுக் கூண்டும் கொங்கிறீற்றாலானவை. மேலே உள்ள மாடிகளைத் தாங்குவது மரம். உலகின் ஒரு பகுதி இவ்வாறு மரத்தின் பக்கம் திரும்ப, பனைக் கூரையின் கீழ் வாழ்ந்த மன்னார்க் கரையோ சீமெந்தின் பக்கமும் இரும்பின் பக்கமும் திரும்பியிருக்கின்றது. ஆதலின், அப்புதிய ஆராய்ச்சி இக்கரைக்கு உணர்த்துவது யாது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

மரத்தின் இயல்பை அறிய ஆய்வுகூடம் வரை செல்ல வேண்டியதில்லை. பேசாலையிலோ வங்காலையிலோ ஓலைப்பெட்டி இழைக்கும் பெண்ணின் அருகில் இருந்தாற் போதும். ஒரு பனையோலைச் சார்வை நெடுக்கிலே பிடித்து இழுத்தால் எளிதில் அறாது. குறுக்கிலே சிறிது விலக்கினாலோ நகத்தாலேயே கிழிந்துபோம். நார்கள் யாவும் ஒரே திசையில் ஓடுவதே இதற்குக் காரணம். அதே சார்வுகளை ஒன்றன் குறுக்கே ஒன்றாக இழைத்துவிட்டால், எப்பக்கம் இழுத்தாலும் கிழியாத பாயும் பெட்டியும் உருவாகின்றன. ஓலை மாறவில்லை, அதனை அமைத்த முறையே மாறியது.

மரப்பலகையின் கதையும் இதுவே. நாரோடும் திசையிலே மரம் மிக வலியது. அதன் குறுக்கே மெலியது. ஈரமும் வெப்பமும் மாறி மாறி வரும்போது, நாரின் நெடுக்கிலே பலகை சுருங்குவது மிகச் சொற்பம்; குறுக்கிலே பச்சைமரம் உலரும்போதோ நூற்றுக்கு ஆறு, எட்டு என்னும் அளவிற்குச் சுருங்குவதும் உண்டு. கதவு மாரியிலே இறுகுவதும் கோடையிலே இடைவெளி காட்டுவதும் இதனாலேதான். பெரிய சுவரையோ தளத்தையோ தனிப் பலகைகளை ஒரே திசையில் அடுக்கிக் கட்டினால், அது வெடிக்கும், வளையும், விலகும். இக்குறைக்கு மருந்தாக வந்ததே குறுக்கடுக்குப் பலகை.

இது செய்யப்படும் விதம் எளிதாக விளங்கக்கூடியது. முதலில் மரத்தை அறுத்து, சூளையிலே உலர்த்தி, அதன் ஈரத்தை நூற்றுக்குப் பன்னிரண்டு அளவிற்குக் கொண்டுவருவர். பின்பு ஒவ்வொரு பலகையையும் சோதித்து, கணுவும் வெடிப்பும் உள்ள பகுதிகளை வெட்டி நீக்கி, எஞ்சிய துண்டுகளின் நுனிகளை இரு கை விரல்கள் கோத்தாற்போலப் பல்வெட்டிப் பசையிட்டு நீளப் பலகைகளாக்குவர். அப்பலகைகளை ஒரு படையாகப் பரப்பி, பசை பூசி, அதன் மேல் அடுத்த படையைக் குறுக்கே பரப்புவர். இவ்வாறு மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை எண்ணிலே படைகளை அடுக்கி, பெரும் யந்திரத்திலே அழுத்துவர். ஒற்றைப்படை எண் ஏனெனில், அப்பொழுதே மேற்புறமும் கீழ்ப்புறமும் உள்ள படைகளின் நார் ஒரே திசையில் நின்று, பலகை வளையாது சமநிலை கொள்ளும். ஒரு படை சுருங்க முயலும்போது அதன் குறுக்கே கிடக்கும் படை அதனைத் தடுத்து நிறுத்தும். பதினாறு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமும் கொண்ட முழுச் சுவர்களையே இவ்வாறு தொழிற்சாலையில் ஆக்கி, சாளரத்துக்கும் வாயிலுக்கும் உரிய இடங்களை அங்கேயே வெட்டி, கட்டட நிலத்துக்குக் கொணர்ந்து நிறுத்துகின்றனர்.

மரத்தைப் பசையால் இணைக்கும் எண்ணம் புதியதன்று. ஜேர்மனியிலே வைமார் நகரத்து ஒட்டோ ஹெற்சர் என்பார், பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைந்த உத்திரங்கள் செய்யும் முறைக்கு 1906ஆம் ஆண்டிலேயே உரிமை பெற்றார். அதில் நார்கள் யாவும் ஒரே திசையில் ஓடின. படைகளைக் குறுக்கே மாற்றிப் பெருஞ்சுவராக்கும் முறை 1990களிலே ஒஸ்திரியா, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளில் உருப்பெற்றது. அம்முறையின் வலிமையைக் கணக்கிட்டு நெறிப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் ஒஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெர்ஹார்ட் ஷிக்ஹோபர். அப்பணிக்காக 2019இல் அவருக்கு மார்க்கஸ் வாலன்பேர்க் பரிசு வழங்கப்பட்டது. இலண்டன் மாநகரிலே 2009இல் ஒன்பது மாடிக் குடியிருப்பொன்று இம்முறையால் எழுந்தது. அதன் மரப்பகுதியான எட்டு மாடிகளையும் நான்கு தச்சர்கள் 27 வேலைநாள்களிலே நிறுத்தி முடித்தனர். நோர்வே நாட்டிலே 2019இல் 85 மீற்றர் உயரமான மரக்கோபுரம் ஒன்று முற்றுப்பெற்றது.

மரம் என்றவுடன் தீ என்னும் அச்சம் எழுதல் இயல்பே. சுள்ளியும் அடுப்பில் எரியும், அடிமரமும் அடுப்பில் எரியும். ஆனால் இரண்டும் ஒருவாறு எரிவதில்லை. தடித்த மரத்தின் மேற்புறம் கரியானதும், அக்கரியே உள்மரத்துக்குப் போர்வையாகிறது. நிமிடத்துக்கு ஒரு மில்லிமீற்றரிலும் குறைவாகவே தீ உள்ளே செல்லும். ஒரு மணி நேரத்திலே ஏறக்குறைய 40 மில்லிமீற்றர் கருகும். அந்த அளவைக் கணக்கிட்டுப் பலகையைத் தடிப்பாக்கினால், எஞ்சிய மரம் சுமையைத் தாங்கி நிற்கும். உருக்கோ எரிவதில்லை, எனினும் 600 பாகை வெப்பத்தை அணுகும்போது தன் வலிமையிற் பாதியை இழந்து வளைந்துவிடும். ஆராய்ச்சியிலே ஒரு குறையும் வெளிப்பட்டது. சிலவகைப் பசைகள் வெப்பத்தால் இளகி, கருகிய படை கழன்று விழ, புதிய மரம் தீக்கு இரையாவதைச் சோதனைகள் காட்டின. அதன் பின்னரே வெப்பந் தாங்கும் பசையை வேண்டும் புதிய விதிகள் வகுக்கப்பட்டன.

இனி, மன்னார்க் கரைக்கு வருவோம். இங்கே கட்டடத்தின் பெரும்பகை உப்பு. காற்றிலே கலந்து வரும் உப்பும், கழுவாத கடல்மணலோடு சேரும் உப்பும் கொங்கிறீற்றின் நுண்துளைகள் வழியாக உள்ளே புகுந்து இரும்புக் கம்பியைப் பற்றுகின்றன. துருப்பிடித்த இரும்பு முன்னையிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கொங்கிறீற்று உள்ளிருந்தே வெடித்துப் பெயர்கின்றது. 1990ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் இப்பகுதியை விட்டு இடம்பெயர்ந்தோர், 2009இல் போர் முடிந்தபின் திரும்பி வந்து வெற்று நிலத்திலே வீடு தொடங்கினர். அவர்களுக்கு வீடு என்பது வெறுங் கட்டடமன்று. மீண்டும் ஊரிலே வேரூன்றியதற்கு அத்தாட்சி. எதனால் அதனைக் கட்டுவது என்பது பெரிய வினாவாயிற்று. 2016இல் வடக்கிலும் கிழக்கிலும் 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, இந்நாட்டின் வெப்பத்துக்கும் மக்களின் வழக்கத்துக்கும் அவை ஒவ்வா என்று அறிஞர் பலர் எதிர்த்தனர். தகரமும் உருக்கும் வெயிலை உடனே உள்ளே கடத்தும். மரமோ கொங்கிறீற்றிலும் பத்தில் ஒரு பங்கு அளவே வெப்பத்தைக் கடத்தும். உப்புக்காற்றும் மரத்தை இரும்பைப்போல அரிப்பதில்லை.

இவ்வுண்மையை முன்னோர் அறிந்திருந்தனர். முதிர்ந்த பனையைத் தறித்து, நெடுக்கே பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றியை நீக்கி, புறத்தே உள்ள கருநிற வைரத்தை மட்டும் சிலாகையாகவும் வளையாகவும் தீராந்தியாகவும் செதுக்கினர். பனையிலே ஆண்டு வளையம் இல்லை. அது புல்லினத்தோடு உறவுடைய ஒருவித்திலைத் தாவரம். அதன் வலிய நார்க்கற்றைகள் தண்டின் ஓரத்திலே நெருங்கியும், நடுவிலே கலைந்தும் கிடக்கின்றன. பெண்பனையின் மரமே வைரம் மிக்கது என்பது தச்சர் கண்ட முடிவு. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் பட்டினத்துப் பனைமரம் கடல்கடந்து விலைபோயிற்று. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டமும் பலா, ஈரப்பலா ஆகியவற்றோடு பெண்பனையைச் சேர்த்தே அனுமதியின்றி வெட்டலாகாது என்று காத்தது.

பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலனாகின்றது. பனஞ்சிலாகை நாரின் நெடுக்கு வலிமையை மட்டும் பயன்படுத்தியது. ஆதலின் அது கூரையோடு நின்றது. குறுக்கடுக்கு முறையோ சிறு துண்டுகளைச் சுவராகவும் தளமாகவும் ஆக்குகின்றது. பனையை அம்முறையிலே பயன்படுத்த விரும்பின், மூன்று பகைகளை வெல்லுதல் வேண்டும். முதலாவது, வைரத்தையும் சோற்றியையும் பிரித்துத் தரப்படுத்துதல். இரண்டாவது, கண்ணாடிபோல் இறுகிய கருநாரின்மீது பசை பற்றும் வகை காணுதல். மூன்றாவது, கறையானையும், ஐப்பசி கார்த்திகை மழையையும் அடுத்துவரும் நீண்ட வறட்சியையும் தாங்கச் செய்தல். இவை தீராத சிக்கல்கள் அல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டிலே காய்ப்பொழிந்த தென்னைகள் கட்டட மரமாகின்றன. மணிலா மாநகரப் பகுதியில் எழுந்த தென்னை மாளிகை அதற்குச் சான்று. மலேசியாவிலே எண்ணெய்ப்பனையின் தண்டும் ஒட்டுப்பலகையாகின்றது.

ஆயினும் எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு: மரம் எங்கிருந்து வரும்? மன்னார்ப் பெருநிலத்துக் காடுகளிலே பாலையும் முதிரையும் வீரையும் வளர்கின்றன. ஆனால் இலங்கையின் இயற்கைக் காடுகளில் மரந்தறிப்பது 1990ஆம் ஆண்டுமுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அத்தடை நீங்கவும் கூடாது. பனையோ போர்க்காலத்திலே பெருந்தொகையாக அழிந்தது. பதுங்குகுழிகளுக்கும் காப்பரண்களுக்கும் தறிக்கப்பட்ட பனைகள், வீடு தாங்க வேண்டிய மரங்களேயாம். பனை காய்க்கத் தொடங்குவதற்கே பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் செல்லும். வைரம் ஏறுவதற்கு அதனினும் மிக நெடுங்காலம் வேண்டும். நின்று பயன் தரும் பனையை வெட்டிப் புதுமைப் பலகை செய்வதென்பது, விதைநெல்லைக் குற்றி விருந்திடுவது போலாகும்.

ஆனால் இப்புதிய ஆராய்ச்சியின் உண்மையான பயன் இவ்விடத்தேதான் விளங்குகின்றது. அது பெருமரத்தை வேண்டுவதில்லை; சிறுமரத்தை வேண்டுகின்றது. ஐரோப்பியர் அதற்குப் பயன்படுத்துவது பெரும்பாலும் நட்டு வளர்த்த ஊசியிலை மரங்களின் மெல்லிய பலகைகளையே. நடுகைத் தேக்கு, பால் வடிந்து ஓய்ந்த றப்பர், வீட்டுத் தோட்டத்து மரம், புயலிலே சாய்ந்த பனை, மூத்துப் பயனொழிந்த பனை ஆகியவற்றின் சிறு துண்டுகளும் முறையாகத் தரம் பிரித்து ஆராயப்பட்டால், ஒரு காலத்திலே பெருவிருட்சம் ஒன்றே தரக்கூடியதாயிருந்த வலிமையைத் தரக்கூடும். 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையும், கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனமும், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பொறியியலாளரும் கைகோத்து ஆராய்வதற்கு ஏற்ற பொருள் இது. மேலும், ஒரு கன மீற்றர் மரம் ஏறக்குறைய ஒரு தொன் காபனீரொட்சைட்டின் காபனைத் தன்னுள்ளே அடக்கி வைத்திருக்கின்றது. சீமெந்தோ ஆக்கப்படும்போதே அவ்வாயுவை வெளியிடுகின்றது. கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் நலிவது மன்னார் போன்ற தாழ்ந்த தீவே ஆதலின், இது தொலைநாட்டார் கவலை அன்று.

இவ்வளவும் கூடி உணர்த்துவது ஒன்றே. மரக்கட்டடம் தொழிற்சாலையிலே தொடங்குவதில்லை. விதை ஊன்றும் குழியிலே தொடங்குகின்றது. நட்டு வளர்க்கும் நாட்டுக்கு மரம் வற்றாத கட்டடப் பொருள். வெட்டி முடிக்கும் நாட்டுக்கோ அது ஒருமுறைக் கொள்ளை. தனித்தனியே கிழிந்துபோகும் ஓலைச்சார்வுகள் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்ந்து பெட்டியாவது போல, தனித்தனியே மெலிந்த துண்டுகள் ஒழுங்கோடு சேர்ந்தால் வீட்டைத் தாங்கும். அத்துண்டுகளைத் தரவல்ல மரங்கள் மன்னாரின் மணலிலே நாளையும் நிற்க வேண்டுமாயின், இன்று விழுகின்ற பனம்பழத்தின் விதைகள் வீணாகாது மண்ணுக்குள்ளே செல்லுதல் வேண்டும்.