மனச்சோர்வு மருந்துகளும் விலங்குச் சோதனையும்

தன் துயரத்தை எடுத்துரைக்கும் ஆற்றல் எலிக்கு இல்லை. அவ்வாறாயின், மனச்சோர்வைப் போக்கும் புதிய மருந்தை விலங்குகளிடம் எங்ஙனம் சோதிப்பது? இவ்வினாவிற்குக் கிடைத்த முதல் விடைகளுள் ஒன்று, தில்லியில் நடந்த ஓர் ஆராய்ச்சியோடு தொடர்புடையது.

தில்லி கரோல்பாகிலுள்ள திப்பியாக் கல்லூரியில், ஹக்கீம் அஜ்மல் கானின் ஊக்கத்தால் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அங்கு டாக்டர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி 1931-இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து பல ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார்; ஒன்றிற்கு ஹக்கீமின் நினைவாக அஜ்மலீன் எனப் பெயரிட்டார். அதே வேரிலிருந்து 1952-இல் சுவிட்சர்லாந்தில் ரெசர்ப்பீன் பிரிக்கப்பட்டது.

இரத்த அழுத்தத்தைக் குறைக்க ரெசர்ப்பீன் உட்கொண்டோர் சிலரிடம் மனச்சோர்வு தோன்றியதாக மருத்துவர்கள் அறிவித்தனர். எலிக்கு அதனைச் செலுத்தினால் இமைகள் தாழ்கின்றன, உடல் வெப்பம் குறைகிறது, நடமாட்டம் ஓய்கிறது. நரம்பணுக்கள் செய்தி கடத்துவதற்குச் சேமித்து வைத்துள்ள நாரட்ரினலின், செரட்டோனின், டோபமின் ஆகிய பொருள்கள் குன்றிவிடுவதே காரணம். மனச்சோர்வுக்குப் பயன்படும் இமிப்பிரமீனை முன்னரே கொடுத்தால் இக்குறிகள் தணிகின்றன. ஆகவே, புதிய சேர்மங்களைச் சலித்தெடுக்கும் சல்லடையாக இச்சோதனை பயன்பட்டது.

ஆயினும் சல்லடை தன் கண்ணுக்கு ஏற்றதையே பிடிக்கும். முக்கியமாகச் செரட்டோனின் வழியே செயற்படும் மருந்துகள் பல இதில் தப்பிவிடுகின்றன. 1977-இல் போர்சோல்ட் என்பவர் வேறொரு முறையை வெளியிட்டார். வெளியேற வழியில்லாத நீர்க்கலத்தில் விடப்பட்ட எலி, சற்று நீந்தியபின் அசைவற்று மிதக்கிறது. மருந்து பெற்ற எலி அவ்வாறு மிதக்கும் நேரம் குறைகிறது. வெறும் கிளர்ச்சியூட்டும் பொருளும் இதே விளைவைத் தரக்கூடுமாதலால், எலியின் இயல்பான நடமாட்டத்தையும் தனியே அளந்து பார்த்தல் வேண்டும்.

இங்கும் ஒரு முரண்பாடு உண்டு. எலியிடம் ஓரிரு வேளை மருந்திலேயே மாற்றம் தெரிகிறது. மனிதரிடம் முழுப்பயன் தெரியச் சில வாரங்கள் ஆகின்றன. எனவே, சோதனை அளப்பது எலியின் நடத்தையையே அன்றி, மனிதரின் நோயையன்று. நச்சுத்தன்மைச் சோதனைகளுக்குப் பின்னர், மனிதரிடம் முறைப்படி நடத்தப்படும் ஆய்வே முடிவான சான்றாகும்.

“எலிகளிடம் வெற்றி” என்னும் செய்தியைக் காணும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இவ்வேறுபாட்டை மக்களுக்கு விளக்குதல் நன்று. அத்தகைய செய்தியை நம்பி, நோயாளி எவரும் தாம் உண்டுவரும் மருந்தை மருத்துவரின் ஆலோசனையின்றி நிறுத்துதல் கூடாது.