நீதியரசர் தம்பையாவும் தேசவழமையும்

மயிலிட்டியிலே ஒரு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த காணி அவளுக்கே உரியது. ஆயினும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதனை அவள் விற்றல் இயலாது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அவ்வாறு விதிக்கின்றது. யாழ்ப்பாணத் தமிழரின் இத்தகைய சொத்துரிமைகளுக்கு அடிப்படை தேசவழமையாகும். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1706இல் அதனைத் தொகுத்தார். முதலியார் பன்னிருவர் பார்வையிட்டு ஒப்பினர். அத்தொகுப்போ மிகச் சுருக்கமானது. வழக்காடுவோர் திகைத்த இடங்கள் பல.

இக்குறையை நீக்க முனைந்தவர்களுள் எச். டபிள்யூ. தம்பையா தலையாயவர். யாழ்ப்பாணத் தமிழரின் சட்டங்களையும் வழக்கங்களையும் ஆராய்ந்து 1950இல் அவர் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். சீதனம், முதுசம், தேடியதேட்டம் ஆகியவற்றின் வேர்களைத் தேடி, மலையாளக் கரையின் மருமக்கட்டாயம் வரை அவர் சென்றார். 1960களில் இலங்கை உயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கினார். தமிழர் வழக்கத்தோடு அமையாது, சிங்களவரின் சட்டங்களைப் பற்றியும் 1968இல் நூல் தந்தமை அவர்தம் நடுநிலைக்குச் சான்று எனலாம்.

1990இல் போரினால் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுள் ஒரு பகுதியினர் 2017இல் தம் காணிகளுக்குத் திரும்பலாயினர். கணவன் இருக்குமிடம் அறியாத மனைவி தன் சீதனக் காணியை விற்க விரும்பின், அச்சம்மதத்திற்கு ஈடான அனுமதியை மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்தே பெறல் வேண்டும்.