சாலை விதிகள் அறிவோம் – 6: ஓட்டுநருக்கும் ஒரு எஃப்.சி.

லாரியோ பேருந்தோ ஓட்ட உரிமம் கேட்பவர் மருத்துவச் சான்று கொடுத்தாக வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். சொந்த வண்டி ஓட்டுபவருக்கு 40 வயது வரை இந்தக் கட்டாயம் இல்லை. தமக்குக் குறையில்லை என்று ‘படிவம் 1’-இல் அவரே எழுதிக் கொடுத்தால் போதும். கனரக வண்டிக்கு அது மட்டும் போதாது. குறைந்தபட்ச வயதான இருபதில் விண்ணப்பித்தாலும், பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதித்துக் கையெழுத்திட்ட ‘படிவம் 1-ஏ’ வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அது மறுபடி வேண்டும்.

படிவத்தில் முதலிடம் கண்ணுக்கு. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவில் இருக்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிய வேண்டும். பார்வைக் குறை இருந்தால் கண்ணாடி அணிந்து சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும். மாலைக்கண் உண்டா, சாதாரண ஹாரன் ஒலி காதில் விழுகிறதா, கை கால்களில் ஓட்டுவதற்குத் தடையான குறை உண்டா என்பவை அடுத்த கேள்விகள். வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் பற்றி விண்ணப்பதாரர் படிவம் 1-இல் உண்மை சொல்ல வேண்டும். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய இயலாதவருக்கு முன்பு உரிமமே கிடையாது. 2020-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. லேசான, மிதமான நிறக்குருடு உள்ளவர்களும் இப்போது உரிமம் பெறலாம். கடுமையான குறைக்குத் தடை நீடிக்கிறது.

இந்தச் சான்று எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை கேட்கப்படுகிறது என்பதுதான் முக்கியம். கனரக உரிமத்தின் காலம் முன்பு 3 ஆண்டுகள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 5 ஆக்கியது. அபாயகரமான பொருள் ஏற்றும் வண்டிகளுக்கு ஓராண்டாக இருந்தது 3 ஆண்டுகளானது. வண்டியின் கதை வேறு. நாமக்கல்லிலிருந்து தொட்டியம், முசிறி வழியாகத் திருச்சிக்குச் செல்லும் ஒரு லாரிக்கு, முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். பழைய வண்டியின் பிரேக்கும் விளக்கும் ஆண்டுதோறும் சோதிக்கப்பட, அவற்றை இயக்குபவரின் கண்ணும் காதும் 5 ஆண்டுக்கு ஒருமுறைதான் சோதிக்கப்படுகின்றன.

படிவத்தில் இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ தனிக் கட்டம் இல்லை. இரவெல்லாம் வாழைத்தார் ஏற்றிச் செல்பவருக்கு உணவு நேரம் தவறுகிறது, உறக்கம் கெடுகிறது. இரண்டுமே இந்த நோய்களை முற்றவைக்கும். சர்க்கரை முற்றினால் விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வை மங்கும். மருந்து போட்ட நிலையில் சர்க்கரை திடீரென இறங்கினால் ஓட்டும்போதே மயக்கம் வரும். ஒப்பிட்டுப் பார்த்தால், அமெரிக்காவில் கனரக ஓட்டுநருக்கான மருத்துவச் சான்று அதிகபட்சம் 2 ஆண்டுகளே செல்லும். இரத்த அழுத்தம் 140/90 அளவுக்கு ஏறினால் அந்தக் காலம் இன்னும் குறையும். 2014 முதல், பயிற்சி பெற்றுத் தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றவர் மட்டுமே அங்கு இச்சான்றை வழங்க முடியும்.

உடல்நிலை இடையில் கெட்டால், உரிமம் வழங்கும் அதிகாரி எப்போது வேண்டுமானாலும் புதிய சான்று கேட்கலாம், உரிமத்தை ரத்தும் செய்யலாம்; இது நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. உரிமம் மறுக்கப்பட்டவர் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தகுதியில்லாத உடல்நிலையோடு தெரிந்தே ஓட்டினால் முதல்முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் வரை அபராதம்.

பிழைப்பு போய்விடும் என்ற அச்சமே பலரையும் நோயை மறைக்க வைக்கிறது. அரசுப் பேருந்து ஓட்டுநருக்குச் சட்டத்தில் காப்பு உண்டு. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியான அரசு நிறுவன ஊழியரை நீக்கக் கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். நிறக்குருடு காரணமாக வெளியேற்றப்பட்ட தெலங்கானா போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவருக்கு மாற்றுப் பணி தரும்படி 2025-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தனியார் லாரி ஓட்டுநருக்கு இத்தகைய பாதுகாப்பு இல்லை.

ஓட்டுநரைப் பார்க்காமலே மருத்துவச் சான்றில் போடப்படும் கையெழுத்து அவரையும் காக்காது, எதிரே வருபவரையும் காக்காது. படிவம் கேட்காவிட்டாலும், ஆண்டுக்கொரு முறை அரசு மருத்துவமனையில் கண், சர்க்கரை, இரத்த அழுத்தம் மூன்றையும் ஓட்டுநர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டிக்கு எஃப்.சி. எடுக்க நாள் ஒதுக்கும் உரிமையாளர்கள், ஓட்டுநருக்கும் சம்பளத்தோடு அந்த ஒரு நாளைக் கொடுக்க வேண்டும்.