ஏப்ரலில் போர்தோ: சந்தேகங்களும் விளக்கங்களும்

பிரான்ஸின் தென்மேற்கில் கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகள் கூடி, ஜிரோந்த் என்னும் அகன்ற கழிமுகமாக அட்லாண்டிக் கடலில் சேர்கின்றன. அந்த நீர்ப்பரப்பின் இரு கரைகளிலும் விரிந்து கிடப்பதுதான் போர்தோ ஒயின் வட்டாரம். ஆண்டுதோறும் ஏப்ரல் பிறந்ததும் அங்கிருந்து இரண்டு வகைச் செய்திகள் வரும். பண்ணைகள் பொதுமக்களுக்குக் கதவு திறக்கின்றன, உலக வணிகர்கள் ருசி பார்க்கக் கூடுகிறார்கள் என்பது ஒன்று. நள்ளிரவில் திராட்சைத் தோட்டங்களில் நெருப்பு மூட்டிக்கொண்டு விவசாயிகள் கண்விழித்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் அதே ஊர்களில், அதே வாரங்களில் நடப்பவை. பயணம் போக நினைப்பவர்களும் செய்தியைப் படித்துக் குழம்புபவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

வசந்தத்தில் போனால் கொடியில் திராட்சை பார்க்கலாமா?

முடியாது. அறுவடை செப்டம்பரில்தான். மார்ச் வரை கொடிகள் காய்ந்த குச்சிகளாக நிற்கும். மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ மொட்டு வெடித்துத் தளிர் எட்டிப்பார்க்கும். மெர்லோ வகை முந்திக்கொள்ளும். கேபர்னே சோவிஞான் சற்றுப் பிந்தும். ஜூன் தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறிய பூக்கள் வரும். பூத்ததிலிருந்து ஏறத்தாழ 100 நாள் கழித்து அறுவடை என்பது அங்குள்ளவர்களின் பழைய கணக்கு. குலை தொங்கும் தோட்டத்தில் படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் ஆகஸ்ட் இறுதியில் போகட்டும். அந்த ஆண்டின் விளைச்சல் எங்கே தீர்மானமாகிறது என்று பார்க்க விரும்புபவர்களுக்கு வசந்தத்தைவிட நல்ல பருவம் இல்லை.

நடு இரவில் தோட்டத்தில் தீ மூட்டுவது ஏதாவது சடங்கா?

சடங்கு இல்லை, பயிரைக் காப்பாற்றும் போராட்டம். குளிர்காலத்தில் உறங்கும் கொடி கடும் குளிரையும் தாங்கும். தளிர் விட்டுவிட்டால் அந்தத் தாங்குதிறன் போய்விடும். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரி இறங்கினாலே இளந்தளிர் கருகிவிடும். மாற்று மொட்டு பிறகு துளிர்க்கும் என்றாலும் அதில் காய்ப்பு குறைவு.

மேகமும் காற்றும் இல்லாத இரவுகளே ஆபத்தானவை. பகலில் தரை வாங்கிய வெப்பம் தடையின்றி வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. அது பள்ளமான இடங்களில் தேங்கி நிற்கும். அதற்குச் சில மீட்டர் உயரத்தில் வெதுவெதுப்பான காற்றடுக்கு ஒன்று இருக்கும். உயரமான கம்பத்தில் பெரிய மின்விசிறி போன்ற இறக்கைகளைச் சுழலவிட்டு அந்த வெப்பக் காற்றைக் கீழே இழுப்பது ஒரு வழி. ஹெலிகாப்டரைத் தாழப் பறக்கவிடுவதும் இதற்காகத்தான். அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் வாளி வாளியாகப் பாரஃபின் மெழுகை வரிசைகளுக்கு நடுவே வைத்துக் கொளுத்துவார்கள். ஒரு ஹெக்டேருக்கே நூற்றுக்கணக்கான வாளிகள் வேண்டும். சிலர் ஈரவைக்கோலைக் கொளுத்திப் புகை எழுப்புவார்கள்; உறைந்த தளிரின் மீது விடியற்கால வெயில் நேராகப் படாமல் புகை தடுக்கும்.

பலரை வியக்கவைப்பது தண்ணீர் தெளிக்கும் முறை. உறைபனிக்குப் பயந்து தளிரின் மீது தண்ணீரையே தெளிக்கிறார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக மாறும்போது வெப்பத்தை வெளிவிடும். உறைதல் தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும்வரை, கண்ணாடிக்குள் வைத்ததுபோல் தெரியும் அந்தத் தளிர் பூஜ்ய டிகிரியை ஒட்டியே இருந்து பிழைத்துக்கொள்ளும். ஆனால் விடியும்வரை தெளிப்பு நிற்கக் கூடாது. நடுவில் பம்பு நின்றால், தெளிக்காமலே இருந்திருக்கலாம் என்ற நிலை வந்துவிடும். அதனால்தான் யாரும் தூங்குவதில்லை.

இவ்வளவும் செய்தும் தோற்ற ஆண்டுகள் உண்டு. 1991 ஏப்ரல் உறைபனியை அங்கே வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். 2017 ஏப்ரல் இறுதியில் விழுந்த உறைபனியால் போர்தோவின் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. அப்போது கழிமுகக் கரையை ஒட்டிய மெதோக் தோட்டங்கள் பல தப்பித்தன. பெரிய நீர்ப்பரப்பு குளிரின் கூர்மையை மழுக்கிவிடும். ஆற்றுக்கு அருகில் நிலம் வைத்திருப்பவர் பெரும்பாலும் புகழ்பெற்ற, வசதியான பண்ணைக்காரர்; உள்ளே தள்ளி, தாழ்வான இடத்தில் வைத்திருப்பவர் சிறு விவசாயி. இயற்கைச் சேதம்கூட எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை.

உலகம் சூடாகிறது என்கிறார்கள். பிறகு ஏன் உறைபனிச் சேதம் கூடுகிறது?

மார்ச் மாதம் முன்பைவிட இதமாகிவிட்டதுதான் காரணம். இதமான மார்ச்சில் கொடி ஏமாந்து முன்கூட்டியே தளிர்விடுகிறது. பிறகு ஏப்ரலில் வழக்கமான குளிர் வந்தாலும் அது திறந்த தளிரின் மீது விழுகிறது. 2021 ஏப்ரல் தொடக்கத்தில் பிரான்ஸ் முழுவதும் நடந்தது இதுவே. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த மிகப் பெரிய வேளாண் பேரழிவாக இருக்கலாம் என்று அப்போதைய வேளாண் அமைச்சர் ழூலியான் தெனோர்மான்தி குறிப்பிட்டார். மத்திய பிரான்ஸின் தோட்டங்களை வைத்துப் பன்னாட்டு விஞ்ஞானிகள் செய்த ஆய்வு, வளர்பருவத்தில் இப்படிப்பட்ட உறைபனி நேரும் வாய்ப்பைப் பருவநிலை மாற்றம் சுமார் 60 சதவீதம் கூட்டியிருக்கிறது என்று கண்டது.

உறைபனி அச்சம் ஏப்ரலோடு முடிவதில்லை. மே 11, 12, 13 ஆகிய நாள்கள் மூன்று புனிதர்களுக்கு உரியவை. அவர்களைப் ‘பனிப் புனிதர்கள்’ என்று அங்கே அழைக்கிறார்கள். அந்த மூன்று நாளும் கடந்த பிறகே விவசாயிக்கு மூச்சு வரும்.

ஏப்ரலில் நடக்கும் பெரிய ஒயின் வாரத்துக்கு நாமும் போகலாமா?

அது வணிகர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் உரியது. ‘ஆன் ப்ரிமர்’ என்று பெயர். முந்தைய இலையுதிர்காலத்தில் அறுத்துப் புளிக்கவைத்த ஒயின் இன்னும் ஓக் பீப்பாயிலேயே கிடக்கும். அதிலிருந்து எடுத்த மாதிரியை உலகெங்கிலுமிருந்து வரும் ஆயிரக்கணக்கானோர் ருசித்து மதிப்பெண் போடுவார்கள். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 1982 விளைச்சலைப் பீப்பாயில் இருந்தபோதே துணிந்து புகழ்ந்துதான் பெயர் பெற்றார். ருசி பார்த்த சில வாரங்களில், மே, ஜூன் மாதங்களில், ஒவ்வொரு பண்ணையும் விலையை அறிவிக்கும். வாங்குபவர் இப்போதே பணம் கட்டிவிட வேண்டும். புட்டி கைக்கு வர இன்னும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும்.

மாந்தோப்பைப் பூக்கும்போதே விலைபேசுவது போன்றதுதானே என்று தோன்றும். ஒரு வேறுபாடு உண்டு. தோப்புக் குத்தகையில் விளையுமா என்பதே சந்தேகம். இங்கே விளைச்சல் கைக்கு வந்துவிட்டது, அது எப்படி முதிரும் என்பதும் நாளை என்ன விலைக்குப் போகும் என்பதுமே சந்தேகம். விலை ஏறிக்கொண்டே போன காலத்தில் முன்கூட்டி வாங்கியவர்கள் லாபம் பார்த்தார்கள். அண்மை ஆண்டுகளில், புட்டியாகி வந்தபின் அதே விலைக்கோ அதற்கும் குறைவாகவோ கிடைத்த ஒயின்கள் நிறைய. 2024 விளைச்சலுக்குப் பெரிய பண்ணைகளே விலையைக் கணிசமாக இறக்க வேண்டியிருந்தது. முதலீடு என்று யாராவது ஆசைகாட்டினால், கண்ணால் காணாத சரக்குக்கு இரண்டு ஆண்டு முன்பே பணம் கட்டுகிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் பொதுமக்கள் எதற்குப் போகலாம்?

நிறைய உண்டு. ‘ஷாத்தோ’ எனப்படும் பண்ணைகள் பல, சாதாரண நாள்களில் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை. வசந்தத்தில் மட்டும், குறிப்பிட்ட வார இறுதிகளில், ஒவ்வொரு வட்டாரமும் ‘திறந்த கதவு’ நாள்களை அறிவிக்கும். மெதோக், சாந்த் எமிலியோன் இரண்டிலும் இது நடக்கும். பெரும்பாலும் கட்டணம் இல்லை. பண்ணை உரிமையாளரே பீப்பாய் அறையைச் சுற்றிக்காட்டுவதும் நடக்கும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் வட்டாரச் சுற்றுலா அலுவலகத்தின் அறிவிப்பைப் பார்த்தபிறகே டிக்கெட் எடுங்கள்.

எங்களைக் கேட்டால் முதலில் ப்ளாய் ஊரைச் சொல்வோம். கழிமுகத்தின் வலது கரையில், பதினேழாம் நூற்றாண்டில் ராணுவப் பொறியாளர் வோபான் கட்டிய கோட்டை அங்கே இருக்கிறது. 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை அது. வசந்த ஒயின் விழாவுக்கு வட்டாரத்தின் சிறு உற்பத்தியாளர்கள் அந்த மதில்களுக்குள்ளேயே கடை போடுகிறார்கள். ஒரே இடத்தில் பல பண்ணைகளைச் சந்தித்துவிடலாம். கார் எடுத்துக்கொண்டு கதவு கதவாக அலைய வேண்டியதில்லை.

சாந்த் எமிலியோன் தனி அழகு. ஊரும் அதைச் சுற்றிய தோட்டங்களும் சேர்ந்து 1999-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. ஒரே சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து செதுக்கிய தேவாலயம் அங்கே நிலத்தடியில் இருக்கிறது. வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். 1199-ல் இங்கிலாந்து மன்னர் ஜான் தந்த உரிமைச் சாசனத்தால் தோன்றிய ‘ஜுராத்’ என்ற சபை, 1948-ல் ஒயின் சங்கமாக மறுபிறப்பு எடுத்தது. ஜூன் மாதத்தில் சிவப்பு அங்கி அணிந்த அதன் உறுப்பினர்கள் வீதிவலம் வந்து, புது ஒயினைப் பற்றிய தீர்ப்பை அறிவிப்பார்கள். அதே மாதம் போர்தோ நகரின் ஆற்றங்கரையில் 1998-ல் தொடங்கிய பெரிய ஒயின் திருவிழாவும் நடக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் ஏப்ரலிலேயே போய்வந்துவிடுவது உத்தமம்.

மது அருந்தாதவர்களுக்கு அங்கே என்ன வேலை?

ருசி பார்ப்பவர்களே பெரும்பாலும் விழுங்குவதில்லை. வாயில் சுழற்றிவிட்டுத் துப்புவதற்கென்று பாத்திரம் வைத்திருப்பார்கள்; துப்புவது அங்கே மரியாதைக் குறைவு அல்ல. ருசிக்கவே மாட்டேன் என்றாலும் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். மண், கொடி, கத்தரிப்பு, பீப்பாய் செய்யும் தச்சு வேலை என்று பார்க்கவும் கேட்கவும் எவ்வளவோ உண்டு. போர்தோ நகரில் 2016-ல் திறந்த ‘சித்தே த்யு வான்’ என்ற அருங்காட்சியகம் ஒயினின் உலக வரலாற்றைச் சொல்வது, குழந்தைகளோடு போகலாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்பது பிரான்ஸில் சட்டப்படி குற்றம்.

ஒயின் முழுக்கச் சைவமா?

இதைக் கேட்கத் தயங்குபவர்கள் அதிகம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. திராட்சையிலிருந்து வந்தாலும், சிவப்பு ஒயினைத் தெளியவைக்கப் போர்தோவில் காலங்காலமாக முட்டை வெள்ளைக்கருவைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். 225 லிட்டர் பீப்பாய் ஒன்றுக்கு ஐந்தாறு முட்டைகள் என்பது வழக்கம். வெள்ளைக்கரு கலங்கலைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். தெளிந்ததை மேலிருந்து வடித்துக்கொள்வார்கள். மிஞ்சிய மஞ்சள்கருவில் பிறந்ததுதான் ‘கனலே’ என்ற கேக் என்று உள்ளூரில் கதை சொல்வார்கள். இன்று பட்டாணிப் புரதம், பென்டோனைட் களிமண் ஆகியவற்றைப் பயன்படுத்தும் பண்ணைகளும், எதுவுமே சேர்க்காத பண்ணைகளும் உண்டு. முட்டையோ பாலோ எஞ்சியிருப்பது சோதனையில் தெரிந்தால் லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பது 2012 முதல் ஐரோப்பிய விதி. பண்ணையிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள், மறைக்காமல் சொல்வார்கள்.

கார் ஓட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போகலாமா?

ருசித்துவிட்டு ஓட்டக் கூடாது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்பது பிரான்ஸில் சட்ட வரம்பு. புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 0.2 கிராம்தான். போர்தோ நகரிலிருந்து சாந்த் எமிலியோனுக்கும், மெதோக்கில் மார்கோ, போயாக் ஊர்களுக்கும் ரயில் இருக்கிறது. சாந்த் எமிலியோன் நிலையத்திலிருந்து ஊர்வரை தோட்டங்களுக்கு நடுவே நடந்தே போகலாம்.

திருவிழா ஒருபுறம், கொடிகளைப் பிடுங்கி எறிவது மறுபுறம். எது உண்மை?

இரண்டும்தான். பிரெஞ்சுக்காரர் ஒருவர் 1960-களில் ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். இன்று அது ஏறத்தாழ 40 லிட்டர். சீனச் சந்தை சரிந்தது, 2019-ல் அமெரிக்கா விதித்த 25 சதவீத வரியும் அடித்தது. 2022 டிசம்பரில் விவசாயிகள் போர்தோ வீதியில் இறங்கிப் போராடினார்கள். அடுத்த ஆண்டு, கொடியைப் பிடுங்குபவருக்கு ஹெக்டேருக்கு 6,000 யூரோ தரும் திட்டம் வந்தது. ஏறத்தாழ 9,500 ஹெக்டேர்வரை அகற்றுவது நோக்கம். கைவிட்ட தோட்டத்தில் நோய் பெருகிப் பக்கத்துத் தோட்டத்துக்கும் பரவும் என்பதே அந்தத் திட்டத்துக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். மெதோக் சாலையில் போனால் பசுமையான வரிசைகளுக்கு இடையில் வெறும் மண்ணாகக் கிடக்கும் நிலங்களைப் பார்க்கலாம்.

1855-ல் நெப்போலியன் மூன்றாமவர் காலத்தில் உருவான தரவரிசையில் இன்று 61 சிவப்பு ஒயின் பண்ணைகள் இருக்கின்றன. செய்திகளில் வரும் விலைகள் அவர்களுடையவை. மற்ற ஆயிரக்கணக்கானோரின் நிலை வேறு. வணிகருக்கு மொத்தமாக விற்கும்போது 900 லிட்டர்தான் அளவு. அது 1,200 புட்டிக்குச் சமம். சாதாரண போர்தோ சிவப்பு ஒயினுக்கு அந்த அளவின் விலை அண்மை ஆண்டுகளில் 1,000 யூரோவுக்கும் கீழே போனது. அதாவது ஒரு புட்டி ஒயினுக்கு விவசாயி கையில் நின்றது ஒரு யூரோகூட இல்லை. அதில்தான் உறைபனி இரவின் மெழுகுச் செலவும் அடங்க வேண்டும். அதே விவசாயி தன் வாசலிலோ ப்ளாய் கோட்டைக்குள் போட்ட கடையிலோ அதே ஒயினை ஏழெட்டு யூரோவுக்கு நேராக விற்க முடிந்தால் கணக்கே மாறிவிடும். திறந்த கதவு நாள்களில் எதையும் வாங்கியாக வேண்டிய கட்டாயம் இல்லை. வாங்குவதென்று முடிவு செய்தால் பெயர்பெற்ற வாசல்களைக் கடந்துபோய், உரிமையாளரே மேசைக்குப் பின்னால் நிற்கும் சிறு பண்ணையில் வாங்குங்கள்.