மஞ்சள், ஊதா, சிவப்பு

ஆந்திரத்துக் குன்றுகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையைக் கடந்து, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக ஆரணியைத் தொட்டு, பொன்னேரியையும் தாண்டிப் பழவேற்காட்டு ஏரியில் சங்கமமாகும் ஆரணியாறு பல மாதங்கள் வெறும் மணலாகவே கிடக்கிறதென்றாலும், அதன் முகத்துவாரத்துப் பக்கத்து உவர்நிலங்களில் இறால் குட்டை வைத்துப் பிழைப்பவர்களுக்கு ஜலத்தின் உஷ்ணம் அன்றாடக் கவலை. வனாமி இறாலுக்கு ஏறக்குறைய 28 முதல் 32 டிகிரி வரை உகந்தது. குளிர்ந்தால் தீனி எடுப்பது குறையும். சூடு ஏறினாலோ நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். மழைக்கு மறுநாள் மேல்ஜலம் ஒரு சூட்டிலும் அடிஜலம் வேறொரு சூட்டிலும் இருக்கக்கூடுமாதலால், கரையோரம் கைவிட்டுப் பார்த்து எதையும் நிர்ணயிக்க இயலாது.

இதற்குத் தோதான சாதனம் சென்னை ரிச்சி தெருவில் சொற்பச் செலவில் கிடைக்கிறது. சுண்டுவிரல் நீளத்து எஃகுக் குழாய். அதன் வாயிலிருந்து ஒரு கறுப்பு ஒயர். உள்ளே, அமெரிக்காவின் டல்லாஸ் செமிகண்டக்டர் கம்பெனி உருவாக்கிய டிஎஸ்18பி20 என்னும் சில்லு. மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை அளக்கும். மைனஸ் 10க்கும் 85க்கும் இடையே அரை டிகிரிக்கு மேல் பிசகாது என்பது தயாரிப்பாளர் வாக்கு. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காகத் தோன்றிய ஆர்டுயினோ பலகையோடு இதை இணைப்பது சுலபமே. பெரும்பாலும் சிவப்பு ஒயர் 5 வோல்ட்டுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, மஞ்சள் இரண்டாம் எண் பின்னுக்கு. நிறங்களை நம்பிவிடாமல் விற்பவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

அப்படியே இணைத்து முடித்து, நிரலையும் ஏற்றிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரில் குழாயை அமிழ்த்திய எனக்குத் திரையில் கிடைத்த விடை மைனஸ் 127. வைகாசி மாதத்து ஆரணியில்! உணரியின் குரலே கேட்கவில்லை என்பதற்கு நிரல் வைத்திருக்கும் சங்கேதம் அது. நான் மறந்திருந்தது, மஞ்சள் ஒயருக்கும் சிவப்பு ஒயருக்கும் நடுவே இருக்கவேண்டிய 4.7 கிலோ ஓம் ரெஸிஸ்டர். மஞ்சள், ஊதா, சிவப்பு என்று மூன்று வளையமும் ஓரத்தில் ஒரு தங்க வளையமும் கொண்ட, நெல்மணி போன்ற வஸ்து. துலாக் கிணற்றில் சாலைக் கீழே இறக்க மனிதன் இழுக்கிறான். மேலே தூக்குவதோ வால்பக்கத்துக் கல்லின் பாரம். இங்கும் பலகையும் உணரியும் கம்பியின் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்க மட்டுமே அறிந்தவை; கைவிட்டதும் அதை மேலே உயர்த்துவது அந்த ரெஸிஸ்டர்தான். கல் இல்லாத துலாவை நான் இறைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பொய் எண்ணும் உண்டு: 85. உயிர்பெற்ற உணரி, முதல் அளவை முடிக்குமுன் வினவப்பட்டால் இதையே சொல்லும். முழு நுட்பத்தோடு அளக்க அதற்கு முக்கால் விநாடி வேண்டும்.

ஒவ்வோர் உணரிக்கும் பிறவியிலேயே 64 பிட் அடையாள எண் பொறிக்கப்பட்டிருப்பதால், பலவற்றை ஒரே கம்பியில் கோத்தாலும் குழப்பமில்லை. ஆகவே ஒரு சவுக்குக் கழியில் மேல், நடு, அடி என மூன்றைக் கட்டிக் குட்டையில் நட்டுவிடலாம். நீர் புகாது என்பது வியாபாரியின் வாக்கு. ஒயர் நுழையும் வாய்தான் பலவீனமான ஸ்தானம், உப்புநீர் அங்கே வழி தேடும் என்பது என் அபிப்பிராயம். நடுவதற்கு முன் மூன்றையும் உருகும் ஐஸில் வைத்தேன். இரண்டு பூஜ்யத்தை ஒட்டி நின்றன. மூன்றாவது கால் டிகிரி கூடுதலாகக் காட்டியது. அதன் ஒயரில் ஒரு சிவப்பு நூலைச் சுற்றி, கழியின் நடுவில் கட்டினேன்.