மஞ்சள்தானே என்று மாத்திரை விழுங்கலாமா?

ஒரு தம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் மஞ்சள் தூளைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தூள் அடியில் தங்கிவிடும். அதையே தாளிக்கும் எண்ணெயில் போட்டால், எண்ணெயே மஞ்சளாகிவிடும். காரணம், மஞ்சளுக்கு நிறம் தரும் 'குர்குமின்' என்ற சத்து தண்ணீரில் லேசில் கரையாது, கொழுப்பில்தான் கரையும்.

வாய்வழியே சாப்பிடும் மருந்து, குடலில் கரைந்தால்தான் ரத்தத்தில் சேரும். கரையாதது மலத்தோடு போய்விடும். குர்குமினில் பெரும்பகுதிக்கு இதுதான் கதி. சித்த மருத்துவத்தில் சூரணத்தைத் தேன், நெய், பால் என்று அனுபானத்தோடு கொடுப்பது வெறும் ருசிக்காக அல்ல. மருந்து உடம்பில் சேர வேண்டும் என்பதற்காகவும்தான்.

நவீன மருந்துத் தயாரிப்பில் இதற்கு இன்னொரு வழி உண்டு. மாவுச்சத்திலிருந்து எடுக்கும் 'சைக்ளோடெக்ஸ்ட்ரின்' என்ற பொருளை 1891-லேயே வில்லியே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். 6, 7 அல்லது 8 குளுக்கோஸ் துணுக்குகள் வட்டமாகக் கைகோத்து நிற்கும். அடியில்லாத வாளி மாதிரி. அதன் வெளிப்பக்கம் தண்ணீரோடு சேரும், உட்பக்கம் சேராது. தண்ணீருக்குப் பயப்படும் மருந்து அந்த உட்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வாளியோடு சேர்ந்து மருந்தும் கரைந்துவிடும். குடலுக்குப் போனதும் மருந்து இறங்கி ரத்தத்தில் கலக்கும். மருந்து மாறுவதில்லை, பல்லக்கு ஏறி வருகிறது, அவ்வளவுதான். மூட்டுவலிக்கான பைராக்ஸிகாம் மாத்திரை 1988-லேயே இத்தாலியில் இப்படி வந்தது.

இப்போது குர்குமினும் பல்லக்கு ஏறிவிட்டது. "அட, மஞ்சள்தானே, என்ன செய்யும்?" என்று பலர் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். குழம்பில் போடும் மஞ்சளில் 100 கிராமுக்குச் சுமார் 3 கிராம்தான் குர்குமின். அதிலும் கொஞ்சமே உடம்பில் சேரும். மாத்திரையிலோ செறிவு அதிகம், சேர்வதும் அதிகம். மஞ்சள், குர்குமின் மாத்திரைகளால் அபூர்வமாக ஈரல் பாதிக்கப்படலாம் என்று ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் எச்சரித்தது. நன்றாகச் சேரும்படி தயாரித்தவற்றில் இந்த ஆபத்து கூடுதலாக இருக்கலாம் என்றும் சொன்னது. சமையல் மஞ்சளுக்கு இந்த எச்சரிக்கை இல்லை.

ஆகவே, ஈரல் கோளாறோ பித்தப்பைக் கல்லோ உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். சாப்பிடுகிறவர்களுக்குக் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ, பசி அற்றுப்போனாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

குழம்பில் தாராளமாக மஞ்சள் போடுங்கள், தாய்மார்களே! மாத்திரையாக வந்தால் மட்டும் அதை மருந்தாகவே நினையுங்கள்.